காத்திருந்தாளா என்ற கேள்வி

மனித வாழ்வில் மூன்று காரியங்கள் ஏறத்தாழ ஒரே வயதில் வந்து சேர்கின்றன. காதல் வேர்பிடிப்பது பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில். படைகள் ஆளெடுப்பதும் அந்த வயதில்தான். கடுமையான மனநோய்கள் பல தலைகாட்டுவதும் அப்போதுதான். அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் தலைமையில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2005இல் வெளிவந்தன. வாழ்நாளில் எப்போதாவது மனநோய்க்கு ஆளாகிறவர்களில் பாதிப்பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப்பேருக்கு 24 வயதுக்குள்ளும் நோய் தொடங்கிவிடுகிறது என்றது அந்த ஆய்வு. மனச்சிதைவு ஆண்களிடம் பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளின் முற்பாதியிலோ வெளிப்படுகிறது. ஆகவே 'பட்டாளத்துக்குப் போனான், புத்தி பேதலித்துத் திரும்பினான், அவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள்' என்று நாம் ஒரே மூச்சில் கோத்துச் சொல்லும் கதையில் எது எதற்குக் காரணம் என்பது அத்தனை வெளிச்சமாக இல்லை. இருந்தும் இந்தக் கதையைக் கேட்கும் ஒவ்வொருவரும் காரணத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நோய் எங்களால் வந்ததா, அவனுக்கு ஏற்கெனவே இருந்ததா என்று ராணுவம் கேட்கிறது. அவள் காத்திருந்தாளா என்று ஊர் கேட்கிறது. பழியை யார் தலையில் இறக்குவது என்பதே இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கவலை. நோயாளியின் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன தெரிந்திருந்தது, அவரிடம் என்ன பணமும் உரிமையும் இருந்தன என்ற மூன்றாவது கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. நூறாண்டுச் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், இளங்காதலின் கதியை முதலிரண்டைவிட இந்த மூன்றாவது கேள்வியே அதிகம் தீர்மானித்திருப்பதாகத் தோன்றுகிறது.

ஆங்கிலக் கவிஞரும் இசையமைப்பாளருமான ஐவர் கர்னியின் வாழ்க்கை இதற்கு நல்ல சோதனைக் களம். 1890இல் கிளாஸ்டரில் பிறந்தவர். 1913இலேயே ஒருமுறை மனம் நொறுங்கி, லண்டனில் இசைப் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து தேற வேண்டியிருந்தது. 1914இல் படையில் சேரப் போனபோது கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஆள் தேவை கூடியதும் சேர்த்துக்கொண்டார்கள். படையின் ஒழுங்கும் உடலுழைப்பும் தன் மனத்தைச் சீராக்கும் என்று அவர் நம்பினார். சில காலம் அப்படி நடக்கவும் செய்தது என்பதை, போர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1917 ஏப்ரலில் கையில் குண்டடி. செப்டம்பரில் நச்சுவாயு. எடின்பரோவை அடுத்த பாங்கூர் போர் மருத்துவமனையில் கிடந்தபோது ஆனி டிரம்மண்ட் என்ற செவிலியர்மேல் காதல் வந்தது. சில வாரப் பழக்கம். பிறகு கர்னியை வடக்கு இங்கிலாந்தில் பயிற்சிக்கு மாற்றிவிட்டார்கள். 1918 வசந்தத்துக்குள் உறவு முறிந்துவிட்டது. அதே மாதங்களில்தான் பீத்தோவனின் ஆவியோடு பேசியதாகக் கடிதம் எழுதினார், தற்கொலை செய்துகொள்ளப் போவதாகவும் எழுதினார். அக்டோபரில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1922இல் மனநோய் விடுதிக்குள் போனவர் 1937 டிசம்பரில் இறக்கும்வரை வெளியே வாழவில்லை.

கர்னியைப் பற்றி எழுதியவர்களில் முந்தைய தலைமுறை அவரைக் குண்டு அதிர்ச்சியின் பலி என்றது, கூடவே கைவிட்ட காதலியையும் சுட்டியது. பின்னால் வந்தவர்கள் 1913ஐச் சுட்டிக்காட்டி, போருக்கு முன்பே இருந்த இருமுனைக் கோளாறாக இதைப் படித்தார்கள். மருத்துவ விவரத்தில் பின்னவர்களின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் இரு தரப்பும் டிரம்மண்டை ஒரு 'காரணமாக' எடைபோட்டார்களே தவிர, அவருடைய நிலையில் நின்று பார்த்தது குறைவு. ஊர் விட்டு ஊர் மாற்றப்பட்ட ஒரு சிப்பாய். நிச்சயதார்த்தம்கூட ஆகாத உறவு. அவன் எழுதும் கடிதங்களில் நோய் எது, காதல் எது என்று பிரித்தறிய வழியில்லை. அவன் மேலதிகாரியிடமோ மருத்துவரிடமோ போய்க் கேட்க இந்தப் பெண்ணுக்கு எந்த உரிமையும் இல்லை. கர்னியோடு கடைசிவரை நின்ற மேரியன் ஸ்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காதலி அல்ல, தோழி. கையெழுத்துப் படிகளைக் காத்தார், செலவுக்குக் கொடுத்தார், விடுதிக்குப் போய்வந்தார். அவருக்குச் சொந்த வருமானமும், லண்டன் இசையுலகில் செல்வாக்கும், விடுதி நிர்வாகத்தோடு பேசுகிற தகுதியும் இருந்தன. போரில் மாண்ட கவிஞர் எட்வர்ட் தாமஸின் மனைவி ஹெலன், கணவர் பயன்படுத்திய கிளாஸ்டர்ஷயர் வரைபடங்களை எடுத்துக்கொண்டு கர்னியைப் பார்க்கப் போனார். இருவரும் அந்தத் தாள்களில் விரலோட்டி ஊர்ப்பாதைகளில் நடந்தார்கள். நிலைத்து நின்ற இந்த இருவரின் அன்பு டிரம்மண்டின் அன்பைவிடப் பெரியது என்று சொல்ல ஆதாரம் எதுவுமில்லை. அவர்களுக்கு அங்கே போய் நிற்க இடம் இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

ராணுவம் கேட்ட கேள்விக்குக் கர்னி விஷயத்தில் கிடைத்த விடை, நோய் போரால் மோசமானது, போரால் உண்டானதல்ல என்பது. ஓய்வூதியம் அதன்படியே அமைந்தது. இந்த வாசகம் பழைய பிரிட்டிஷ் கோப்போடு போய்விடவில்லை. இந்தியப் படைகளின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் இன்றைக்கும் 'பணியால் விளைந்ததா, பணியால் தீவிரமடைந்ததா' என்ற இரட்டைச் சோதனையில்தான் நிற்கிறது. சேரும்போது மருத்துவப் பதிவில் குறிப்பு எதுவும் இல்லையென்றால் வீரர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனச்சிதைவு என்று மருத்துவக் குழு எழுதிவிட்டாலே கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது என்று அதே ஆண்டில் வேறொரு வழக்கில் மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2019இல் வந்த மற்றொரு மனச்சிதைவு வழக்கில் நிலை மாறியது. இத்தகைய நோயைச் சேர்க்கையின்போது கண்டறிவது இயலாது, ஆகவே குறிப்பு இல்லை என்பதாலேயே பணியால் விளைந்ததாகக் கொள்ள முடியாது என்று ஓய்வூதிய மறுப்பு உறுதியானது. சட்டத் தர்க்கத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் பத்தொன்பதில் சேர்ந்து இருபத்து மூன்றில் நோய் வெளிப்பட்ட இளைஞனிடம் 'எங்கிருந்து வந்தது' என்பதற்கு விடை தேடி ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும்போது, அவன் எங்கே இருக்கிறான்? வீட்டில். அவனுக்கு மாத்திரை கொடுப்பது யார்? பெற்றோர், அல்லது கல்யாணமாகி ஓரிரு ஆண்டு ஆன பெண். பணமே வராத காலம் முழுவதும் பராமரிப்பு அவர்கள் தலையில்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வயது ஒற்றுமையைப் பேசிப் பேசிப் போரின் பொறுப்பை நீர்த்துப்போகச் செய்கிறீர்கள் என்பது அது. போரின் பொறுப்புக்குச் சான்று ஏராளம், மறுக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆளெடுக்கும்போதே மனநலக் காரணம் காட்டி 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கழித்தது. பலவீனமானவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே யாரும் உடையமாட்டார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கு படுதோல்வி அடைந்தது. முந்திய போரைவிட அதிக விகிதத்தில் மனம் உடைந்து விழுந்தார்கள். போர் முடிந்ததும் 1946இல் ஏப்பலும் பீபியும் எழுதிய ஆய்வு, காலாட்படை வீரன் ஒருவன் சராசரியாக 200 முதல் 240 நாள் சண்டைக்குப் பிறகு தேய்ந்துபோகிறான் என்று சொன்னது. எவனுக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை ராணுவ மருத்துவம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. வியட்நாம் திரும்பியவர்களை ஆராய்ந்த தேசிய ஆய்வு, ஆண்களில் 30.9 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு ஆளானதாகச் சொன்னது. 2006இல் டோரன்வெண்ட் குழு பதிவேடுகளோடு ஒப்பிட்டு அதை 18.7 சதவீதமாகக் குறைத்தது. குறைத்த அந்தக் குழுவே, போர் அனுபவத்தின் கடுமை கூடக்கூட நோயும் கூடுகிறது என்பதையும் உறுதிப்படுத்தியது. ஆகவே போர் நோயை உண்டாக்குகிறது. வயதும் பிறவிக் கூறும் நோயை உண்டாக்குகின்றன. ஒரு தனி மனிதனிடம் இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைய மருத்துவத்தால் பெரும்பாலும் முடியாது. முடியாத ஒன்றின்மேல் உதவியைக் கட்டிவைத்ததுதான் தவறு.

இனி ஊரின் கேள்வி. காத்திருத்தலைப் பாடுவதில் தமிழுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். முல்லைத் திணையே அதற்காக ஒதுக்கப்பட்டது; தலைவன் பாசறையில், தலைவி வீட்டில், கார்காலம் வந்ததும் தேர் திரும்பும். ஆனால் நப்பூதனாரின் முல்லைப்பாட்டை இந்த நோக்கில் படித்தால் ஒன்று தட்டுப்படும். பாசறையில் அரசன் தூங்கவில்லை. புண்பட்ட யானைகளையும், அம்பு தைத்த குதிரைகளையும், தனக்காக மாண்ட மறவர்களையும் நினைத்துக்கொண்டு இரவைக் கழிக்கிறான். போர்க்களம் மனத்துக்குள் என்ன செய்யும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. தேர் வீடு சேர்ந்த பிறகும் அவனுக்குத் தூக்கம் வந்ததா என்பது திணைக்கு வெளியே நின்றுவிடுகிறது. நம் மரபில் சோதனை பிரிவோடு முடிந்துவிடுகிறது. இன்றைய ஆய்வுகளோ சோதனை திரும்பி வந்த பிறகே தொடங்குகிறது என்கின்றன. ராண்ட் நிறுவனத்துக்காக கார்னியும் கிரௌனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு 2002 முதல் 2005 வரையான அமெரிக்க வீரர்களின் பதிவுகளைப் பார்த்தது. பெரும்பாலான பிரிவுகளில், அதிக நாள் போர்முனைக்குப் போனவர்களின் மணவாழ்க்கை முறிவது கூடவில்லை, குறைந்தே இருந்தது. இந்த முடிவு பலருக்கு அதிர்ச்சி. பின்னர் வேறு முறையில் கணக்கிட்டவர்கள் நீண்ட பிரிவு மணமுறிவைக் கூட்டுவதாகவும் கண்டார்கள். எனவே பிரிவைப் பற்றிய தீர்ப்பு இன்னும் இழுபறிதான். ஆனால் 2014இல் 'டெமோகிராபி' இதழில் வந்த நெக்ரூசா இருவரின் ஆய்வு வேறொரு முனையைத் தொட்டது: திரும்பியவரிடம் அதிர்ச்சி நோயின் அறிகுறிகள் இருந்தால் மணமுறிவு தெளிவாகக் கூடுகிறது. தூரத்தைத் தாங்கிய உறவு, அருகில் வந்த நோயைத் தாங்க முடியாமல் போகிறது.

இதைத் தெரிந்துகொள்ளாத அரசுகள் கண்காணித்தது எதைத் தெரியுமா? பெண்ணின் கற்பை. 1914 அக்டோபரில், போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், பிரிட்டிஷ் அரசு படைவீரர் மனைவிகளின் நடத்தையைப் போலீஸ் கவனிக்க வேண்டும், 'தகுதியற்றவர்களுக்கு' உதவித்தொகையை நிறுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதே காலத்தில் முனையிலிருந்து வீட்டுக்கு வந்த அச்சிட்ட அஞ்சலட்டையில் வீரன் சொந்தமாக ஒரு வார்த்தை எழுதக்கூடாது; 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்' போன்ற வரிகளில் வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும், கூடுதலாக எழுதினால் அட்டையைக் கிழித்தெறிவார்கள். மனைவி எப்படி நடக்கிறாள் என்பதை அரசு விசாரித்து அறியலாம், கணவன் எப்படி இருக்கிறான் என்பதை மனைவி அறிய முடியாது. இது நூறாண்டுக்கு முந்தைய கூத்து என்று தள்ளிவிடவும் முடியாது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. ஒன்றிய அரசு, தொலைதூரத்தில் பணிபுரியும் வீரர்களுக்குக் குடும்பத்தைப் பற்றிய கவலை எழும், ஒழுங்கு கெடும் என்று வாதிட்டு மறுபடி நீதிமன்றம் போனது. படைகளின் ஒழுங்கு நடவடிக்கைகளுக்கு அந்தத் தீர்ப்பு தடையாகாது என்று 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. வீரனின் மன அமைதிக்கு வரும் ஆபத்து மனைவியின் படுக்கையறையிலிருந்து வருகிறது என்ற கற்பனை அரசுகளுக்கு எவ்வளவு பிடித்தமானது!

அந்தக் கற்பனைக்கு ஆதாரம் இருக்கிறதே என்பார்கள். படைவீரர் தற்கொலைகளைப் பற்றிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆண்டறிக்கைகளில் காதல் அல்லது மணவாழ்வுச் சிக்கல் திரும்பத் திரும்ப முன்வரிசையில் பதிவாகிறது. ஆரோக்கியமான எல்லா ஆண்களும் இருபதுகளில் கட்டாயமாகப் படைக்குப் போகும் தென்கொரியாவில் இது அன்றாடப் பேச்சு. காத்திருக்கும் காதலிக்கு ரப்பர் செருப்பு என்றே பட்டப்பெயர். விட்டுப்போனால் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள் என்பார்கள். (சேவை முடிந்து வந்து அவளைக் கைவிடுபவனுக்கும் பூட்ஸைத் திருப்பிப் போட்டவன் என்ற பேச்சு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் மரணத்துக்கு முன்பு ஒரு முறிவு நடந்தது என்பது, மரணத்துக்கு முறிவே காரணம் என்று ஆகாது. மனச்சோர்வின் முதல் அறிகுறிகளே ஒதுங்குவது, எரிந்து விழுவது, சந்தேகப்படுவது, பேச்சை நிறுத்துவது ஆகியவைதான். இவை முதலில் சிதைப்பது மிக நெருங்கிய உறவை. அதாவது பல இடங்களில் முறிவே நோயின் அடையாளம். காதலி விலகுவதற்குள் நோய் பாதித் தூரம் வந்துவிட்டிருக்கிறது, அதைப் பார்த்த ஒரே ஆள் அவள், சொல்வதற்கு ஆளில்லை. கொரிய ராணுவம் 2005இல் யோன்சோன் முகாமில் ஒரு சிப்பாய் எட்டுப் பேரைச் சுட்டுக்கொன்ற பிறகு, கவனிக்கப்பட வேண்டிய வீரர்கள் என்று பட்டியலிடும் முறையைத் தீவிரப்படுத்தியது. 2014இல் கோசோங்கில் ஐந்து பேரைக் கொன்றவன் அந்தப் பட்டியலில் இருந்தவன்தான். பட்டியல் மேலிருந்து பார்த்தது. பெரிய மாற்றம் என்று நான் கருதுவது வேறு: 2020 ஜூலை முதல் பணி நேரம் முடிந்ததும் வீரர்கள் சொந்தக் கைபேசி வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே நிரந்தர விதியாகிவிட்டது. வெளியில் இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி முதன்முதலாகத் திறந்தது.

எவ்வளவு சொன்னாலும், நோயில் விட்டுப்போவது துரோகம்தானே என்ற குரல் அடங்காது. சில நேரங்களில் துரோகம்தான்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சோதனையை யாருக்கு வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கப் படைகளில் பெண் வீரர்களின் மணமுறிவு விகிதம் ஆண் வீரர்களுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல். வீட்டில் காத்திருக்க வேண்டியது கணவன் என்றாகும்போது அவன் காத்திருந்தானா என்று யாரும் கதை எழுதுவதில்லை. சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், மனச்சிதைவு வந்து கணவனால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்: முறையான விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை, வயதான பெற்றோரின் வீட்டில் முடங்கிய வாழ்க்கை. படைவீரர் கதையில் நாம் காட்டும் கோபத்தில் கால்வாசியை அந்தக் கணவன்மார்களிடம் காட்டியதாகத் தெரியவில்லை. காதலின் உறுதியை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, இருபது வயதுப் பெண் சம்பளமில்லாத செவிலியாக ஒப்புக்கொள்வாளா என்பதைத்தான் அளக்கிறோம்.

அறிவும் உரிமையும் பணமும் தந்தால் நிலைமை மாறுமா என்பதற்கும் சான்றுகள் உண்டு. எடின்பரோவின் கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனையில் கவிஞர் சஸூனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ரிவர்ஸ், நடந்ததை மறந்துவிடு என்று நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரையே நோயை வளர்க்கிறது என்பதை 1917லேயே எடுத்துரைத்தார். (நம் நீலகிரியில் தோடர்களோடு தங்கி 1906இல் பெரும் நூல் எழுதிய அதே ரிவர்ஸ்தான்; பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அங்கே கூர்மைப்பட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.) அந்தப் பாடம் குடும்பங்களுக்குப் போய்ச்சேர ஒரு நூற்றாண்டு பிடித்தது. கேண்டிஸ் மான்சன் குழு 40 இணைகளை வைத்து நடத்திய சோதனை 2012இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. நோயாளியைத் தனியாக நடத்தாமல் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை தந்தபோது, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட நோயின் தீவிரம் நன்றாகக் குறைந்தது. சிறிய சோதனைதான், அதில் வீரர் அல்லாதவர்களும் இருந்தார்கள். ஆயினும் துணைவர் வெறும் காத்திருப்பவர் அல்ல, சிகிச்சையின் பாகம் என்பதை அது காட்டியது. 2010இல் அமெரிக்கா இயற்றிய பராமரிப்பாளர் சட்டம், முதலில் 2001 செப்டம்பருக்குப் பிறகு கடுமையாகக் காயமுற்ற வீரரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாத உதவித்தொகையும் பயிற்சியும் தந்தது. மனநலப் பாதிப்பும் அதில் அடங்கும். பார்த்துக்கொள்பவர் உறவினராக இருக்கலாம், அல்லது அவரோடு முழுநேரமும் சேர்ந்து வாழ்பவராக இருந்தாலே போதும்.

நம் பக்கம் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 14ஆம் பிரிவின்படி வயதுவந்த எவரும் தனக்கு மனநோய் வந்தால் தன் சார்பில் பேச ஒருவரை எழுத்தில் நியமித்துக்கொள்ளலாம். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் 5ஆம் பிரிவு இடம் தருகிறது. காதலிக்கெல்லாம் தகவல் சொல்வதா, வீரனின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் இருக்கிறது: தேர்ந்தெடுப்பவர் வீரரே. ஆனால் 'ஷேப்-1' என்ற முழு மருத்துவத் தகுதி போய்விட்டால் பதவி உயர்வும் விரும்பிய இடமும் போய்விடும் என்று அறிகுறிகளை மறைக்கும் வீரர், தானாக இந்தப் படிவத்தை நிரப்பப் போவதில்லை. படிவம் சேர்க்கையின்போதே, எல்லோருக்கும், நோய் பற்றிய சந்தேகம் எதுவும் எழாத நாளில் நீட்டப்பட வேண்டும். வீரர் இறந்தால் பணமும் பதக்கமும் பெற்றோருக்கா மனைவிக்கா என்று 2024இல் நாடு முழுவதும் விவாதித்தோம். நெருங்கிய உறவினர் விதியைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. அந்த விவாதம் முழுக்க இறந்தவரைப் பற்றியதாகவே நடந்தது. உயிரோடும் நோயோடும் வரும் இருபத்து மூன்று வயதுக்காரரின் மருத்துவர் முதலில் யாருக்குத் தொலைபேசி செய்ய வேண்டும் என்பதையும் அதே விதியில் சேர்த்து எழுதலாம். கல்யாணம் நிச்சயமாகி நாள் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் பெயரை அதில் எழுத விரும்பும் வீரர்களுக்கு அதற்கென ஒரு கட்டமும் வேண்டும்.